இருநூற்று இருபதில் வயசைக் கழித்தால்

சூப்பரின்டெண்டென்ட் சின்னப்பையனிடம் மூன்று வயசுகள் இருந்தன. பணிப்பதிவேட்டின்படி ஐம்பத்தேழு. அவர் மேலிடத்துக்குக் கொடுத்திருந்த மனுவின்படி ஐம்பத்து நான்கு. உண்மையில் அறுபது இருக்கும் என்று ஹெட் கிளார்க் கபாலிக்குச் சந்தேகம். ஆனால் வெறும் சந்தேகத்தைக் காட்டி அரசாங்கத்தில் ஒரு குண்டூசி கூட வாங்க முடியாது.

இருவரும் வேலை பார்த்தது நந்தனத்தில் ஒரு வாரியத்தில். அதன் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னாலும் அது என்ன செய்கிறது என்பது யாருக்கும் விளங்கப் போவதில்லை. உள்ளே இருந்தவர்களுக்கே விளங்கியதில்லை. மூன்று மாடிகள், திறப்பு விழா அன்று மட்டும் ஓடிய ஒரு லிஃப்ட், மூன்றாவது மாடியில் சூப்பரின்டெண்டென்டின் சுழல் நாற்காலி. நாற்காலியின் முதுகில் ஒரு டர்க்கி டவல். அந்த டவலைக் கபாலி எதிர் மேஜையிலிருந்து பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு சுலபமானது. ஓய்வு வயசு ஐம்பத்தெட்டு. பதிவேட்டின்படி சின்னப்பையன் தொண்ணூற்றாறு மே மாசம் ஓய்வு பெற வேண்டும். கபாலிக்கு அடுத்த வருஷம் மே. நடுவில் ஒரே ஒரு வருஷம் அந்த நாற்காலி கபாலியுடையது. இதற்காகவே பாண்டி பஜாரில் பச்சை நிறத்தில் ஒரு டவல் வாங்கி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். அவர் மனைவி காமாக்ஷி அதை ஒரு நாள் சமையலறைக்கு எடுத்துப் போனபோது வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நிலையில்தான் சின்னப்பையன் மனு போட்டார். பள்ளிக்கூடத்தில் தன் பிறந்த தேதியைத் தவறாக எழுதிவிட்டார்கள், தான் உண்மையில் நாற்பத்தொன்றில் பிறந்தவன், ஆகவே இன்னும் மூன்று வருஷம் பணி நீட்டிக்க வேண்டும் என்று. ஆதாரமாகக் கிராமத்துப் பிறப்புப் பதிவின் நகல் ஒன்றை இணைத்திருந்தார். அதில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வருஷம் பிறந்த எந்த ஆணும் அந்தத் தாளைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதலில் சொன்னவர் சின்னப்பையன்.

கபாலியின் கோபத்துக்கு இன்னும் பழைய காரணம் ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசைக் கேட்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயசு. ஜூன் ஒன்றாம் தேதி பிறந்ததாக எழுதிக்கொள்வார்கள். கபாலிக்குக் கை நீளம். மூன்றே முக்கால் வயசில் மயிலாப்பூரில் காதைத் தொட்டுத் தொலைத்துவிட்டார். அதற்குத் தண்டனையாக அரசாங்கம் அவர் பணிக்காலத்தில் பதினைந்து மாசத்தைப் பிடுங்கிக்கொண்டது. சின்னப்பையனுக்கோ குட்டைக் கை. தர்மபுரிப் பக்கம் எட்டு வயசு வரை அவர் கை காதுக்கு எட்டவில்லை என்று அவரே ஒரு பொங்கல் போனஸ் நாளில் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். மூன்று வருஷம் ஏற்கெனவே லாபம். இப்போது இன்னொரு மூன்று வருஷம் கேட்கிறார்.

"அந்தாளு கை இன்னா வளரவே வளராதா?" என்று கபாலி காமாக்ஷியிடம் கேட்டார். "காதைத் தொட முடியாதவன் நாற்காலிய மட்டும் வுட மாட்டேன்றான்."

"நீங்க சோத்தத் தொடுங்க, ஆறுது" என்றாள் காமாக்ஷி.

மனுவை விசாரிக்க மார்ச் எட்டாம் தேதி ஒரு குழு கூடுவதாக உத்தரவு வந்தது. இயக்குநர் பரத்வாஜ், கூட ஒரு அரசு டாக்டர். ஆளை நேரில் பார்த்து, பரிசோதித்து, எந்த வயசு பொருந்துகிறது என்று முடிவு செய்வார்களாம். உத்தரவு வந்த மறுவாரமே சின்னப்பையன் தலைக்கு மை பூசினார். அதோடு, காலையில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தி. நகரில் ஏதோ ஜிம்முக்குப் போகிறார் என்ற செய்தியும் கேன்டீன் வழியாக வந்து சேர்ந்தது. குழுவின் முன்னால் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்காமல் வணக்கம் சொல்வது அவர் திட்டம்.

கபாலி மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த ஜிம்மில் இருந்தார்.

பனகல் பார்க் பக்கம், எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. நடத்தியவர் ஜவஹர்; கழுத்து என்று தனியாக எதுவும் இல்லாத மனிதர். உள்ளே தூக்கும் இரும்புகளைத் தவிர, ஓடும் பெல்ட் மெஷின் இரண்டு புதுசாக வந்திறங்கியிருந்தன. அவற்றுக்கு எதிரே ஒரு கரும்பலகை. அதில் ஒவ்வொருவர் பெயரும், பக்கத்தில் இரண்டு எண்களும்.

"அது இன்னா நம்பர்?" என்றார் கபாலி.

"நாடி சார். நிமிசத்துக்கு எத்தினி துடிப்புல ஓடணும்னு கணக்கு" என்றார் ஜவஹர். "இருநூத்தி இருவதுல உன் வயச கழிச்சிக்க. வர்றதுதான் உன் இதயத்தோட எல்லை. அதுல நூத்துக்கு அறுவதுலேர்ந்து எழுவத்தஞ்சு வரைக்கும் ஓடணும். கீழ இருந்தா நீ சும்மா நட்ந்துக்கினு கீறன்னு அர்த்தம். மேல போச்சுன்னா உன்ன தூக்கிக்கினு நாங்க நடக்கணும்."

கபாலி பலகையைப் பார்த்தார். 'சின்னப்பையன்: 96 - 120.'

முப்பத்து நான்கு வருஷம் கோப்பு பார்த்த மூளை. தொண்ணூற்றாறு என்பது நூற்றுக்கு அறுபது என்றால், முழுசு நூற்று அறுபது. இருநூற்று இருபதில் நூற்று அறுபது போனால் மீதி அறுபது. சுவரில் எழுதி, ஆணியடித்து மாட்டியிருக்கிறது. பதிவேட்டுக்கு ஒரு வயசு, மனுவுக்கு ஒரு வயசு சொன்ன மனிதர், தன் மார்புக்குள் இருப்பதோடு மட்டும் விளையாட மனசில்லாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

"வயசு சொல்லு சார்" என்றார் ஜவஹர், புது அட்டையை எடுத்து. "இங்க பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல."

"ஐம்பத்தாறு" என்றார் கபாலி. கையெழுத்து போடுகிற இடத்தில் பதிவேட்டு வயசைத் தவிர வேறு எதையும் சொல்ல அவருக்கு வராது.

அப்போது கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு சின்னப்பையன் வந்தார். அரை நிஜார், பனியன், அலுவலகக் கண்ணாடி.

"இங்க என்னய்யா வேலை உனக்கு?"

"இதயத்துக்கு சார். டாக்டர் சொன்னாரு."

"உனக்கு இதயம் இருக்குன்னு எந்த டாக்டர் சொன்னான்?"

"உங்களுக்கு இருக்குன்னு சொன்னவர்தான் சார்."

ஜவஹர் இருவரையும் பார்த்தார். பழைய சிநேகிதர்கள் என்று முடிவு செய்தார். "தெரிஞ்சவங்களா? நல்லதா போச்சு. ரெண்டு பேரும் ஜோடி."

ஜோடி என்பது அங்கே ஒரு ஏற்பாடு. ஓடுகிறவன் தன் நாடியைத் தானே எண்ணினால் மூச்சிரைப்பில் தப்பாகிவிடும். அதனால் ஒருவன் ஓட, மற்றவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெல்ட்டை நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து விநாடி எண்ண வேண்டும். ஆறால் பெருக்கி, ஓடுகிறவனின் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணைக் கேட்டு ஜவஹர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். மெஷினில் ஒன்று முதல் பத்து வரை வேகம்.

இப்படியாக, பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கூடக் கை குலுக்காத இருவரும் தினமும் காலையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கபாலி முதல் நாளே அட்டையைப் புரட்டிப் பார்த்தார். மேலே சின்னப்பையனின் கையெழுத்தில் 'வயது: 60'. கீழே ஒப்பம். குழு கூடும் நாளில் இதை எடுத்துக்கொண்டு போனால் போதும். அதுவரை ஒன்றும் தெரியாததுபோல வந்து போக வேண்டியதுதான். அவர் உத்தேசம் அவ்வளவுதான். கெட்ட யோசனை இரண்டாம் நாள்தான் வந்தது.

வேகம் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்த சின்னப்பையனை நிறுத்திக் கபாலி எண்ணினார். இருபத்து மூன்று. அதாவது நூற்று முப்பத்தெட்டு. இருபதுக்கு மேல் போனாலே குறைக்க வேண்டும். சின்னப்பையனின் கண்ணாடிக்குள் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடுங்காத குறையாக, "என்ன, ஒண்ணாங் கிளாஸ் பையன் மாதிரி விரலை மடக்கிட்டு நிக்கற? சொல்லித் தொலை" என்றார்.

"பதினெட்டு" என்றார் கபாலி.

"நூத்தி எட்டு. சூப்பரு" என்று ஜவஹர் வேகத்தை ஆறுக்கு ஏற்றினார்.

கபாலி அட்டையில் நூற்று எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொலை என்ற வார்த்தை அவர் மனசில் வரவே இல்லை. வகுத்தல், பெருக்கல் மட்டும்தான் வந்தது. ஆனால் ஒன்று, எந்தக் காகிதத்துக்கும் ஒரு பிரதி எடுத்து வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆகவே வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, 'உண்மை: 23' என்று எழுதி வைத்தார். தினமும் எழுதினார். இருபத்து நான்கு. இருபத்து நான்கு. இருபத்தைந்து.

சின்னப்பையனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. செத்துப்போகவில்லை. அதற்குப் பதிலாகச் சந்தோஷமாகிவிட்டார். வேகம் ஏழிலும் பதினெட்டு, எட்டிலும் பதினெட்டு என்றால் யாருக்குத்தான் தலை கால் புரியும்? மூச்சு இரைத்தது, அது சென்னை வெயில் என்றார். மார்பு அடைத்தது; அது இட்லி என்றார். மனுவில் எழுதிய ஐம்பத்து நான்கை அவரே நம்பத் தொடங்கினார். அலுவலகத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, எதிரில் வந்த டைப்பிஸ்டை ஒரு நாள் இடித்தும் விட்டார்.

கபாலியின் கதை வேறு. அவர் ஓடும்போது எண்ணுகிறவர் சின்னப்பையன். முதல் நாள் "இருபத்தேழு" என்றார். ஜவஹர் முகம் மாறி, வேகத்தை மூன்றுக்கு இறக்கினார். மறுநாள் மூன்றிலேயே "இருபத்தெட்டு". இறக்கினார்கள். வாரக் கடைசியில் கபாலி வேகம் ஒன்றில், கபாலி கோயில் தேர் போல நகர்ந்துகொண்டிருந்தார். அதற்கும் "இருபத்தொன்பது" என்றார் சின்னப்பையன், மிகவும் வருத்தப்பட்டு.

"சார், உனுக்கு உள்ள ஏதோ கீது" என்றார் ஜவஹர். "ஊட்ல மாடிப்படி ஏறாத."

நாடியில் பொய் எழுதலாம் என்பதைத் தானே கண்டுபிடித்தவர் கபாலி. அவருக்குத் தன் அட்டை மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை என்பது வேடிக்கைதான். பயம் வந்துவிட்டது. காய்கறிப் பையைத் தூக்க மாட்டேன் என்றார். ராத்திரி இடது பக்கம் படுப்பதை நிறுத்தினார். உட்காரும்போது, எழுந்திருக்கும்போது மூச்சு வாங்கியது. பயந்தவன் மூச்சு எப்போதும் வாங்கும்.

"ஜிம்முக்குப் போறவங்க ஒடம்பு தேறும்பாங்க. நீங்க என்ன இப்படி ஆயிட்டீங்க?" என்றாள் காமாக்ஷி.

"எட்டாந்தேதி வரைக்கும்தான்" என்றார் கபாலி.

எட்டாம் தேதி காலை கபாலி மட்டும் ஜிம்முக்குப் போனார். சின்னப்பையன் தெம்பைச் சேமிப்பதற்காக வரவில்லை. ஜவஹர் பின்னால் திரும்பியபோது சின்னப்பையனின் அட்டை கபாலியின் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு அடியில் சின்ன நோட்டும் இருந்தது. அதை எங்கேயும் விட்டுவிட்டு வர மனசில்லை.

பதினோரு மணிக்குக் குழு மூன்றாவது மாடியில் உட்கார்ந்தது. கீழே, கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்த சின்னப்பையன், கூப்பிட்டதும் மூன்று மாடி ஏறி, வாசலில் நின்று, சீராக, "வணக்கம் சார், வணக்கம் மேடம்" என்றார். பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்த கபாலிக்கு மூச்சு முட்டியது. கதவைப் பிடித்துக்கொண்டு, அட்டையை மட்டும் நீட்டினார்.

"யார் இவர்?" என்றார் டாக்டர் அஃப்சருன்னிசா. "முதல்ல இவரை உட்கார வைங்க."

பரத்வாஜ் அட்டையை வாங்கிப் பார்த்தார். "வயது அறுபதுன்னு போட்டிருக்கு. மிஸ்டர் சின்னப்பையன், உம்ம கையெழுத்துதானே இது? மனுவில ஐம்பத்து நாலுங்கறீர். ரிஜிஸ்டர்ல ஐம்பத்தேழு. எத்தனை பேர் ஐயா நீர்?"

சின்னப்பையனின் முகத்தில் மை பூசாத இடமெல்லாம் வெளுத்தது. கபாலி நாற்காலியில் சாய்ந்தார். பச்சை டவல் கண்ணில் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் டாக்டர். அட்டையை வாங்கிக் கீழே படித்துக்கொண்டே போனார். "வேகம் ஆறு, நாடி நூற்றெட்டு. ஏழு, நூற்றெட்டு. எட்டு, நூற்றெட்டு. தினமும் எண்ணி எழுதியிருக்காங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அறுபது வயசு இதயம் இந்த வேகத்துல இப்படி நிக்காது சார். நூத்தி நாப்பதைத் தாண்டிடும். ஐம்பத்து நாலே எனக்கு அதிகமாத் தெரியுது."

"ஆனா அறுபதுன்னு எழுதியிருக்காரே?"

"வயசை யார் வேணா எப்படி வேணா எழுதலாம். இந்த ஆபீஸ்ல உங்களுக்குத் தெரியாததா? நாடியை அப்படி எழுத முடியாது."

சின்னப்பையனுக்கு உயிர் திரும்பியது. "ஜாக்கிரதைக்கு எழுதினது மேடம். வயசைக் கூட்டிச் சொன்னா மெதுவா ஓட விடுவாங்கன்னு."

"புத்திசாலித்தனம்" என்றார் டாக்டர். "எண்ணினது யாரு? கே. கபாலின்னு கையெழுத்து இருக்கு."

அறையில் எல்லோரும் கபாலியைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் நோட்டு இருந்தது. அதில் தேதிவாரியாக உண்மை இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்தால் சின்னப்பையனுக்கு அறுபது, நாற்காலி கபாலிக்கு. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும்: மேலதிகாரியின் இதயம் நூற்று நாற்பத்து நான்கில் அடித்தது எனக்குத் தெரியும், தெரிந்தே நூற்று எட்டு என்று சொல்லி, இன்னும் வேகமாக ஓட விட்டேன். பதினேழு நாள். கையெழுத்தோடு.

"நீங்கதான் எண்ணினீங்களா? சரியா எண்ணினீங்களா?" என்றார் டாக்டர்.

கபாலி சட்டைப் பையைத் தொட்டார். பிறகு கையை எடுத்தார்.

"ஆமாங்க மேடம். சரியாத்தான் எண்ணினேன்."

"நன்றி" என்றார் பரத்வாஜ். "நீங்களே ஆதாரம் கொண்டுவந்து கொடுத்திருக்கீங்க. உங்க பேரையும் குறிப்பில சேர்க்கிறேன்."

மூன்று வருஷம் நீட்டிப்பு. கபாலி ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்தும் அந்த நாற்காலியில் சின்னப்பையன் இருப்பார்.

மறுநாள் காலை கபாலி ஜிம்முக்குப் போனார். தோளில் பச்சை டவல் இருந்தது. இனி அதை வேறு எதற்கும் பத்திரப்படுத்த வேண்டியதில்லை.

சின்னப்பையன் எட்டில் ஓடிக்கொண்டிருந்தார். மணிக்கட்டை நீட்டினார், ராஜா கையை முத்தத்துக்கு நீட்டுவது போல. "எண்ணுய்யா, சாட்சி."

கபாலி எண்ணினார். "இருபத்தாறு."

"எவ்வளவு?"

"இருபத்தாறு சார். நூத்தி அம்பத்தாறு. நிறுத்துங்க."

சின்னப்பையன் சிரித்தார். சிரிக்க மூச்சு போதவில்லை. "வயித்தெரிச்சல். நேத்து வரைக்கும் பதினெட்டு, ஆர்டர் வந்ததும் இருபத்தாறா? ஜவஹர், ஒம்பது போடு."

அட்டை குழுவிடம் போய்விட்டாலும் ஜவஹருக்கு நினைவிருந்தது. "ஆமா சார், உனுக்கு எப்பவும் பதினெட்டுதானே" என்று குமிழில் கையை வைத்தார்.

கபாலி நோட்டை எடுத்துச் சின்னப்பையனின் கையில் திணித்தார். ஆள் பெல்ட்டிலேயே விழுந்தால் தன் கையெழுத்து மாட்டிக்கொள்ளும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை: உட்காரட்டும், மூன்று வருஷம் அந்த நாற்காலியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும்.

சின்னப்பையன் முதல் பக்கம் படித்தார். தேதி. 'உண்மை: 23'. அடுத்த பக்கம். கடைசிப் பக்கம் வரை படித்தார். கபாலி என்ன செய்திருக்கிறார் என்பதும், அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் அவருக்குச் சேர்ந்தே புரிந்தது. சொன்னால் அவருக்கு அறுபது.

"மூணு போடு ஜவஹர்" என்றார் மெதுவாக. நோட்டை நிஜாருக்குள் செருகிக்கொண்டார். "கொலைகாரப் பாவி."

"கிழவா" என்றார் கபாலி.

பத்து நிமிடம் கழித்துக் கபாலியின் முறை. வேகம் ஒன்று. சின்னப்பையன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார், வழக்கத்தை விட இறுக்கமாக. கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணை இமைக்காமல் கபாலியைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

"ஐயையோ, எறங்கு சார், எறங்கு" என்று ஜவஹர் ஓடி வந்தார்.

கபாலி இறங்கவில்லை. அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. தினமும் "பதினெட்டு" என்று சொல்லும்போது தன் முகத்தில் இருந்திருக்க வேண்டிய பார்வை. டவலை விலக்கி, இரண்டு விரலைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ஜிம்முக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தானே எண்ணினார்.

பதினான்கு.

"ஜவஹர், அஞ்சு போடு" என்றார்.